பத்து நிமிடம்தான் இருக்கிறது. மனசு அடங்க நீங்கள் நிஜமாகச் செய்வது என்ன?

வாய்க்கால்மேடு:

வணக்கமுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறேன். நூல் மில்லில் கணக்கு எழுதும் வேலை. தை மாதம் அப்பா போய்விட்டார். அம்மாவுக்கு இரண்டு வருடமாக மறதி நோய். சில நாள் என்னைத் தெரியும், சில நாள் "அம்மணி, நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்பார். அவரைத் தூங்க வைத்து, பாத்திரம் கழுவி, மறுநாளைக்குக் கொண்டைக்கடலை ஊறப்போட்டு நிமிரும்போது மணி பத்து. அப்போதுதான் மனசு கடை திறக்கும். ஆஸ்பத்திரியில் அப்பா கடைசியாகக் கேட்ட காபியை ஏன் கொடுக்காமல் விட்டேன் என்பதில் தொடங்கி எங்கெங்கோ போய் ஒரு மணிக்குத்தான் ஓயும்.

தியானம் செய் என்று சொல்லாத ஆள் இல்லை. செயலி ஒன்றை இறக்கிக் கண்ணை மூடி உட்கார்ந்தேன். எண்ணங்களை மேகம் மாதிரி போக விடச் சொன்னது ஒரு குரல். எனக்கு மேகம் வரவில்லை, ஜி.எஸ்.டி. வந்தது. அப்புறம் அப்பா வந்தார்.

சாமி நம்பிக்கை உண்டு, ரொம்ப இல்லை. வீட்டிலேயே, காசு செலவில்லாமல், பத்து நிமிடத்தில் முடிகிற மாதிரி உங்களுக்கு நிலைத்த பழக்கம் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். படித்தது, கேட்டது வேண்டாம். செய்தது மட்டும்.

பழைய தபால்:

அம்மா, கும்பகோணத்தில் இருக்கிறேன். தபால் இலாகாவில் 36 வருடம். என் மனைவி இருந்தவரை சாயங்காலம் விளக்கேற்றுவது அவள் வேலை. நான் அந்த நேரத்தில் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அவள் போன பிறகு, விளக்கு மாடம் இருட்டாக இருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் நான் ஏற்ற ஆரம்பித்தேன். பக்தி என்று சொல்ல முடியாது.

ஒரு அகல், நல்லெண்ணெய், பஞ்சுத் திரி. திரியை உள்ளங்கையில் வைத்து உருட்டுவதற்கே இரண்டு நிமிடம் ஆகிறது. அந்த இரண்டு நிமிடம் முக்கியம். கடையில் கட்டாக விற்கும் திரியை வாங்கிப் பார்த்தேன், என்னமோ சரிப்படவில்லை. ஏற்றியதும் கூடத்து டியூப்லைட்டை அணைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்காருவேன். சம்மணம் போட முழங்கால் விடாது. கண்ணை மூடுவதில்லை. சுடரைப் பார்த்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். காற்று எங்கிருந்து வருகிறது என்று சுடர் சொல்லும். பத்து நிமிடம் கழித்துத் திரியை எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைத்துவிடுவேன். வாயால் ஊதி அணைக்கக் கூடாது என்பாள். அணைக்கிறேன் என்ற சொல்லே அவள் வாயில் வராது, "விளக்கை மலையேத்திட்டேளா?" என்றுதான் கேட்பாள்.

நாலு வருடம் ஆகிறது. துக்கம் போய்விட்டதா என்றால் இல்லை. ஆனால் அதற்கு ஒரு நேரம் கிடைத்துவிட்டது. ஆறரை மணிக்கு வந்து உட்காரும், என்னோடு சேர்ந்து எழுந்துபோகும்.

இரவுப்பணி:

அக்கா, நான் பாளையங்கோட்டையில் நர்ஸ். எனக்குச் செபமாலை. கோயிலில் முழந்தாளிட்டு இல்லை, பேருந்தில். இரவு வேலை முடிந்து காலையில் ஊருக்குப் போக 50 நிமிடம் ஆகும். கைப்பைக்குள் கையை விட்டால் மாலை கிடக்கும், யாருக்கும் தெரியாது.

முழுதாகச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயத்தை விட்டுவிட்டேன். பத்துப் பத்து மணியாக ஐந்து சுற்று, மொத்தம் 50 அருள் நிறை மந்திரம் என்பது ஒழுங்கு. நான் தூக்கக் கலக்கத்தில் இரண்டாவது பத்தைத் தாண்டாத நாள்தான் அதிகம். எங்கள் பாட்டி சொல்வார்கள், "தூங்கிப் போனால் மீதியை உன் காவல்தூதர் சொல்லி முடிப்பார்" என்று. உண்மையோ பொய்யோ, அந்த ஒரு வார்த்தைக்காகவே விடாமல் செய்கிறேன்.

வார்டில் ஒரு மரணம் நடந்த இரவு என்றால் வாய் சொல்லும், மனசு சொல்லாது. விரல் மட்டும் ஒவ்வொரு மணியாக நகர்ந்துகொண்டிருக்கும். அதுவே போதும் என்று இப்போது தோன்றுகிறது.

மலர்ச்சி21:

[விளம்பரம் நீக்கப்பட்டது. 21 நாளில் மன அமைதி, முதல் 50 பேருக்குக் கட்டணச் சலுகை என்ற வகைப் பதிவுகளுக்கு இங்கே இடம் இல்லை. – மட்டுறுத்துநர்]

காயல் காற்று:

சகோதரி, பத்து நிமிடம்கூட வேண்டாம், மூன்று நிமிடம் போதும். நான் செய்வதைச் சொல்கிறேன். காயல்பட்டினம் சொந்த ஊர், வேலை துபாயில். படுக்கையில் சாய்ந்த பிறகு இறைவனைத் துதிக்கும் மூன்று வாசகங்கள். சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. மொத்தம் நூறு. தஸ்பீஹ் மணி தேவையில்லை, விரல் கணுக்களிலேயே எண்ணிவிடலாம். விரலுக்கு மூன்று கணு.

இதை ஏன் உங்களுக்குச் சொல்கிறேன் என்றால், இதன் பின்னால் இருக்கும் நிகழ்ச்சி அப்படி. நபிகள் நாயகத்தின் மகள் ஃபாத்திமா, திருகையில் மாவரைத்து அரைத்துக் கை காய்த்துப்போய், வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்கத் தந்தையிடம் போகிறார். அன்று இரவு நபியவர்கள் மகள் வீட்டுக்கு வந்து, பணியாளை விட மேலானது என்று இந்த எண்ணிக்கையைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். சின்ன வயதில் இதைக் கேட்டபோது எனக்கு ஃபாத்திமா நாயகி மேல் பாவமாக இருந்தது. ஆள் கேட்டவருக்கு எண்ணச் சொல்லிக் கொடுத்தால் எப்படி என்று. இங்கே வந்து ஒரு அறையில் ஆறு பேராகப் படுக்கும் வாழ்க்கையில்தான் கொஞ்சம் புரிந்தது. மறுநாளும் வேலை இருக்கத்தான் செய்யும். படுக்கும்போது அந்த வேலையை விரல் நுனியில் இருந்து இறக்கி வைக்கலாம்.

எண்ணிக்கை தவறினால் முதலில் இருந்து ஆரம்பிப்பது இல்லை. அந்தச் சண்டையெல்லாம் கணக்கு எழுதும் உங்களுக்குத்தான் கஷ்டம்.

அரைக்கிறுக்கன்:

யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம். எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை இல்லை. ஆனாலும் மூவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள் என்று தோன்றுகிறது.

2001 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. செய்தவர்கள் இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டியும் அவர் குழுவும். 23 பேரை லத்தீன் மொழியில் செபமாலை சொல்ல வைத்தார்கள், ஒரு பௌத்த மந்திரத்தையும் சொல்ல வைத்தார்கள். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஆறு என்ற அளவுக்கு இறங்கியது. சாதாரணமாக நமக்கு 12க்கு மேல் ஓடும். அப்படி இறங்கும்போது இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன. செபத்தின் முதல் பாதியைக் குருவானவர் சொல்ல, மறுபாதியைச் சபை சொல்லும் பழைய முறையில் ஒரு சுற்றுக்குப் பத்து நொடி ஆகிறது. மூச்சு அந்தப் பத்து நொடிக்குத் தானாகப் பொருந்திக்கொள்கிறது.

ஆக வேலை செய்வது மூச்சு. வார்த்தை வெறும் மெட்ரோனோம், அதாவது தாளம் தட்டும் கருவி. நான் சிக்னலில் பைக் நிற்கும்போது நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுகிறேன். 120 நொடி சிக்னல் என்றால் 12 மூச்சு. சாமியும் இல்லை, மணியும் இல்லை. முன்பு அந்த 120 நொடியில் பத்துப் பேரைத் திட்டுவேன்.

இரவுப்பணி:

வீட்டில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம். அம்மா பாதி, நாங்கள் பாதி. அம்மா வேகமாகச் சொன்னால் சமையல் பாக்கி இருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் தம்பி, வார்த்தை வெறும் மெட்ரோனோம் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் நின்று "நாலு எண்ணி இழுங்கள்" என்று நான் சொன்னதும் உண்டு, அவருக்குத் தெரிந்த செபத்தைச் சேர்ந்து சொன்னதும் உண்டு. இரண்டும் ஒன்று இல்லை. எந்தக் கருவியில் அளக்கலாம் என்று கேட்காதீர்கள்.

காயல் காற்று:

மூச்சு மட்டும்தான் என்றால் கொட்டாவிக்கும் நன்மை எழுதப்பட வேண்டும்.

அரைக்கிறுக்கன்:

:) ஏற்கிறேன். கொட்டாவியும் நல்லதுதான்.

புள்ளிவைத்தவள்:

கோலத்தை யாருமே சொல்லவில்லையே!

சென்னையில் அடுக்குமாடி, மூன்றாவது மாடி. வாசல் என்று சொல்லிக்கொள்ள இரண்டடிக்கு மூன்றடி டைல்ஸ். காலை ஐந்தரைக்கு ஈரத்துணியால் துடைத்து, 7 புள்ளி நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம். மார்கழியில் மட்டும் மொட்டை மாடிக்குப் போய் 15 புள்ளி, இடைப்புள்ளி, 8 வரை. சிக்குக் கோலத்தில் கோடு எங்கே தொடங்கியதோ அங்கேயே வந்து முடிய வேண்டும், எந்தப் புள்ளியையும் தொடக் கூடாது, சுற்றிக்கொண்டு போக வேண்டும். வேறு எதையாவது நினைத்தால் கோடு தப்பிவிடும். அதாவது மனசை நான் அடக்க வேண்டியதில்லை, கோலமே அடக்கிவிடும். பச்சரிசி மாவு என்றால் பத்து மணிக்குள் எறும்பு பாதியைத் தின்றிருக்கும். கோலம் என்றால் அழியத்தான் வேண்டும் என்று என் மாமியார் சொன்னபோது எரிச்சலாக வந்தது. இப்போது இல்லை.

உங்களுக்கு நேரம் இரவு பத்து மணி என்கிறீர்கள். இரவில் வாசலில் போட முடியாதுதான். நோட்டில் போடலாம். பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் கிடந்த மாதங்களில் நான் பழைய டைரி ஒன்றை முழுக்கப் புள்ளி வைத்தே தீர்த்தேன்.

ஏழாம்வகுப்பு ஆ பிரிவு:

பள்ளிக்கூடத்தில் வாரம் ஆறு நாள் கத்துகிறேன். எனவே ஞாயிறு காலை பத்து மணி வரை மௌனம். காந்தி திங்கள்கிழமைதோறும் பேச மாட்டார், வேண்டியதைச் சீட்டில் எழுதிக் காட்டுவார் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும்போது வந்த யோசனை. முதல் வாரம் நான் கோபமாக இருக்கிறேன் என்று நினைத்து வீட்டுக்காரர் காய்கறி நறுக்கிக் கொடுத்தார். நிறுத்த மனமில்லாமல் மூன்று வருடமாகத் தொடர்கிறேன்.

கிரிவலத்தெரு:

திருவண்ணாமலைக்காரன். அமைதி வேண்டும் என்று பௌர்ணமிக்கு இங்கே வராதீர்கள் என்று சொல்வதற்காகவே உள்ளே வந்தேன். பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றும் கிரிவலப் பாதை 14 கிலோமீட்டரும் தோளோடு தோள் உரசும். அதற்கு வேறு ஒரு சுகம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை. சாதாரண செவ்வாய், புதன் பார்த்து விடிகாலை நாலு மணிக்குச் செருப்பில்லாமல் இறங்கிப் பாருங்கள். எமலிங்கம் தாண்டும்வரை தெருநாய்தான் துணை. அடி அண்ணாமலை வரும்போது வெளுக்க ஆரம்பிக்கும், மலை கறுப்பில் இருந்து சாம்பலாகும்.

ஊருக்கு வர முடியாதவர்களுக்கு எடுத்துக்கொண்டு போக ஒன்றே ஒன்று உண்டு. அது நடையின் வேகம். ரமண மகரிஷி 1896இல் 16 வயதில் இங்கே வந்தவர், 1950இல் மறையும்வரை ஊரை விட்டு நகரவில்லை. கிரிவலம் எப்படிப் போவது என்று கேட்டவர்களுக்கு, நிறைமாதக் கர்ப்பிணியான ராணி நடப்பதுபோல நட என்றார். நான் வேகமாக நடந்து மூன்று மணி நேரத்தில் முடித்துப் பெருமைப்பட்ட ஆள். ஒருநாள் கால் சுளுக்கி, மெதுவாக நடக்க வேண்டியதாகிவிட்டது. ஐந்தரை மணி நேரம். அன்றுதான் மலையைப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். இப்போது வீட்டு மாடியில் 20 அடி தூரத்தை அதே நடையில் போய் வருகிறேன். குதிகால் பதிவது, பாதம் பதிவது, விரல் பதிவது எல்லாம் தெரியும். அம்மா தூங்கும் அறைக்கு வெளியிலேயே இதைச் செய்யலாம்.

நான்காம்நாள்:

எல்லோரும் நல்லதையே சொல்கிறீர்கள். கெட்டதையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

அண்ணன் இறந்த மூன்றாவது மாதம் ஒரு பத்து நாள் மௌன முகாமுக்குப் போனேன். எங்கே என்று சொல்லப் போவதில்லை, அவர்கள் மேல் குறை இல்லை. விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும், ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். போன், புத்தகம், பேச்சு எதுவும் கிடையாது. முதல் மூன்று நாள் மூக்கு நுனி மூச்சை மட்டும் கவனிக்கச் சொன்னார்கள். இரண்டாம் நாளே அண்ணன் வந்துவிட்டான். வீட்டில் என்றால் எழுந்து டீ போடுவேன், அங்கே எங்கே போவது? நான்காம் நாள் மார்பு அடைத்து, கை நடுங்கி, வெளியே வந்துவிட்டேன். அதற்குப் பிறகு ஒரு மாதம் தூக்கமே இல்லை.

அக்கா, அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகியிருக்காது உங்களுக்கு. கண்ணை மூடினால் அவர் வருகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இப்போதைக்குக் கண்ணை மூடாதீர்கள். விளக்கோ கோலமோ நடையோ, கண் திறந்திருக்கும் எதுவும் சரி. நான் இன்று மூச்சைக் கவனிப்பது பத்தே நிமிடம், அதுவும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

இன்னொன்று. எனக்குக் கடைசியில் கைகொடுத்தது ஒரு மனநல மருத்துவரும் மாத்திரையும். இரவு ஒரு மணி வரை தூக்கம் வராதது வாரக்கணக்கில் தொடர்ந்தால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். டெலி மனாஸ், மத்திய அரசு 2022இல் தொடங்கியது. தமிழில் பேசலாம், பைசா கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள்.

பழைய தபால்:

தம்பி சொன்னதை இரண்டு தடவை படித்தேன். நான் முந்திக்கொண்டு சொன்னபோது இதெல்லாம் தோன்றவில்லை. நன்றி.

பனங்கூடல்:

விளக்கு என்ற சொல்லைக் கண்டபடியால் எழுதுகிறேன். யாழ்ப்பாணம், இப்போது டொரொன்டோ.

எங்களுக்கு விளக்கு என்றால் ஜாம் போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் விலை நெருப்பு. சிறிய போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் திரியும் வைத்து, அதன் வெளிச்சத்தில்தான் படிப்பு. பொழுதுபட்டால் அம்மம்மா அந்த விளக்கை நடுவில் வைத்து எங்களை இருத்தித் தேவாரம் பாடச் சொல்லுவா. எனக்கு அது பெரிய அலுப்பு.

1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி வர, முழு ஊரும் வெளிக்கிட்டது. மழை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. சாவகச்சேரிக்குப் போய் ஒரு பள்ளிக்கூட வளவில் மரத்தின் கீழ் இருந்தோம். பின்னேரம் ஆனது. விளக்கு இல்லை. அம்மம்மா ஒரு கணம் சுற்றுமுற்றும் பார்த்தா, பிறகு வழமையான நேரத்துக்கு வழமையான பாட்டைத் தொடங்கினா. பக்கத்து மரத்தின் கீழ் இருந்த முன்பின் தெரியாத குடும்பமும் சேர்ந்து பாடியது. அன்றைக்கு என் தம்பி முதல் தரமாக அழுகையை நிறுத்தி நித்திரை கொண்டான்.

கடவுள் பற்றி எனக்கு இன்னும் முடிவு இல்லை. ஆனால் பனி கொட்டும் பின்னேரங்களில் கார் தரிப்பிடத்தில் எஞ்சினை நிறுத்தி, அந்த ஒரு பாட்டை மட்டும் வாய்க்குள் பாடிவிட்டுத்தான் வீட்டுக்குள் போகிறேன். இரண்டு நிமிடம். ராகம் பிழைதான்.

அரைக்கிறுக்கன்:

பனங்கூடல் அண்ணா, இதை மூச்சு என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வரவில்லை.

புள்ளிவைத்தவள்:

வாய்க்கால்மேடு அக்காவைக் காணோமே? ஒரு மாதம் ஆகப் போகிறது.

வாய்க்கால்மேடு:

இருக்கிறேனுங்க. எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று இருந்தேன்.

விளக்கில் தொடங்கினேன். டியூப்லைட்டை அணைத்ததும் உள்ளே இருந்து அம்மா, "கரண்ட் போயிருச்சா? மோட்டாரு போடலையே!" என்று பதறி எழுந்து வந்துவிட்டார். மூன்று நாளும் அதே. விளக்கு வேண்டாம் என்று விட்டேன். மாடி நடை ஒரு வாரம் போனது, நன்றாகத்தான் இருந்தது, அதற்குள் மழை. காயல் காற்று அண்ணன் சொன்ன விரல் கணு எண்ணிக்கையை 'முருகா' வைத்துச் செய்கிறேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், 60ஐத் தாண்டுவதற்குள் தூங்கிப்போன நாட்கள் உண்டு. 14416க்கும் பேசினேன். அந்தப் பக்கம் இருந்த பெண், அம்மாவைப் பார்த்துக்கொள்ள வாரம் ஒரு நாளாவது மாற்று ஆள் இருக்கிறாரா என்றுதான் முதலில் கேட்டார். அதுவரை யாரும் கேட்காத கேள்வி. அக்கா மகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை வருகிறாள்.

நடந்தது வேறொன்று. சத்தியமங்கலம் பூ மார்க்கெட்டில் இருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரர் கால் கிலோ மல்லி மொட்டு கொடுத்துவிட்டுப் போனார். எனக்குக் கட்டத் தெரியாது. நூலும் பூவுமாக முழித்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நூலை என் கையில் இருந்து வாங்கினார். என் பேர் தெரியாது, சாப்பிட்டதா இல்லையா தெரியாது, அப்பா போனது தெரியாது. ஆனால் விரலுக்குப் பூ கட்டத் தெரிந்திருக்கிறது. இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு, ஒரு சுற்று, ஒரு இழுப்பு. கண் எங்கேயோ பார்க்கிறது, கை கட்டிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் "முருகா" என்கிறார். நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அவர் அப்படித்தான் கட்டுவார். மறந்தே போயிருந்தேன்.

இப்போது தினமும் ராத்திரி எட்டரைக்கு இருவரும் உட்காருகிறோம். நான் மொட்டை எடுத்துக் கொடுக்கிறேன், அவர் கட்டுகிறார். முதல் வாரம் என்னைத் திட்டினார், காம்பு ஒரே திசையில் வைத்துக் கொடுக்கத் தெரியவில்லை என்று. ஒரு முழம் கட்டியதும் போதும் என்று வைத்துவிடுவார். அப்பா படத்துக்குப் பாதி, அம்மா தலைக்குப் பாதி. நேற்று எனக்கும் நாலு கண்ணி கிள்ளி வைத்துவிட்டு, "அம்மணி, உங்கூட்டுல தேடுவாங்கல்ல, இருட்டறதுக்குள்ள போங்க" என்றார். முன்பு இப்படிச் சொன்னால் பாத்ரூமில் போய் அழுவேன். நேற்று, "இந்த ஒரு முழம் முடிச்சுட்டுப் போறனுங்க" என்றேன்.

செலவில்லாமல் என்றுதான் கேட்டிருந்தேன், மல்லி இப்போதைக்குப் பரவாயில்லை. மார்கழி வந்தால் வரத்து குறைந்து கிலோ ஆயிரத்தைத் தாண்டிவிடும். அப்போது என்ன செய்வது?

பழைய தபால்:

கனகாம்பரம் வாங்கலாம். வாசனை இல்லை, ஆனால் இரண்டு நாள் வாடாது.

புள்ளிவைத்தவள்:

வாங்கவே வேண்டாம். டிசம்பர் பூ. இப்போதே ஒரு குச்சியை ஒடித்து வாய்க்கால் ஓரம் நட்டுவிடுங்கள். மார்கழிக்கு எடுத்தாலே ஒரு முழம் தேறும். ஊதா நிறம் கிடைத்தால் எனக்கும் ஒரு குச்சி வேண்டும், தொட்டியில் வைத்துப் பார்க்கிறேன்.